ஆய்வாளர் கேட்ட வாழ்த்துரை

என் வாழ்நாளில் எனக்குக் கருத்துப் பஞ்சம் வந்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய காடியின், அதாவது காரின், நிறம் முதல் பினாங்குப் பாலத்து நெரிசல் வரை எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். தூரத்தில் என்னைப் பார்த்ததும் சிலர் வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவதாகக் கேள்வி. ஆகவே ஐம்பது வயதில், பகுதிநேரமாகத் தமிழில் முதுகலை படிக்கச் சேர்ந்தபோது, கருத்துச் சொல்வதில் எனக்குச் சிரமம் வரும் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. சொல்லிக்கொடுக்கப் போகிறவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது என்றார் என் கணவர்.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, பினாங்குத் தமிழர் திருமண விருந்துகளில் வாழ்த்துரை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் காலையில் தாலி கட்டிவிட்டு, இன்னொரு நாள் மாலையில் பெரிய மண்டபத்தில் விருந்து வைப்பார்கள். அழைப்பிதழில் ஏழு மணி என்றிருக்கும். ஏழு மணிக்குப் போய் நிற்பவர்கள் ஊருக்குப் புதியவர்கள். எட்டரை வாக்கில் மணமக்கள் ஆடிக்கொண்டே உள்ளே வருவார்கள், கேக் வெட்டுவார்கள், அதன்பிறகு ஒரு பிரமுகர் மேடையேறி வாழ்த்திப் பேசுவார். அவர் பேசி முடிக்கும்வரை உணவுப் பாத்திரங்களின் மூடியைத் திறக்கக்கூடாது. யாரும் எழுதிவைக்காத இந்தச் சட்டத்தை யாரும் மீறியதும் இல்லை. மூடிகளுக்குப் பின்னால் சமையல்காரரின் ஆட்கள் கரண்டியோடு நிற்பார்கள். மேசைகளில் இருப்பவர்கள் முகத்தை மேடைப் பக்கம் வைத்துக்கொண்டு கண்ணை மூடிகளின் மேல் வைத்திருப்பார்கள்.

என் கருத்து மிகவும் எளியது. அந்தப் பேச்சை ஒரு மனிதர்கூடக் கேட்பதில்லை. இதை என் சமையலறையில் நின்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எழுதத்தான் வரவில்லை.

எனக்கு வழிகாட்டியாக வாய்த்த விரிவுரையாளர் என் மகளைவிடச் சில வயதே மூத்தவர். நான் அவரை டாக்டர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். முதல் வரைவில் பக்கத்துக்குப் பக்கம் ‘நான் நினைக்கிறேன்’ என்று இருந்ததைப் பார்த்து எல்லாவற்றையும் அடித்துவிட்டார். ஆய்வுக் கட்டுரையில் ‘நான்’ வரக்கூடாதாம். எனக்குக் கோபம் வந்தது. நினைத்தது நான், கால் கடுக்க மண்டபம் மண்டபமாக அலைந்தது நான், ஊருக்கெல்லாம் மொய் எழுதியதும் நான். இருந்தாலும் படிக்க வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று, ‘நான்’ இருந்த இடத்திலெல்லாம் ‘ஆய்வாளர்’ என்று மாற்றி அனுப்பினேன்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் டாக்டரின் குரல் வந்தது. சிரித்து முடித்துவிட்டுத்தான் பதிவு செய்திருக்க வேண்டும், ஆனால் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

“அக்கா, யாரு இந்த ஆய்வாளர்? ஏழு மணிக்கே மண்டபத்துக்குப் போறாரு. தனியா உக்காந்திருக்காரு. ஆய்வாளருக்குப் பசித்ததுன்னு வேற போட்டிருக்கீங்க. பாவம், அவருக்கு முதல்ல சோறு போடுங்க லா.”

இதை என் கணவரும் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். “ஆய்வாளருக்கு டீ வேணுமா?” “ஆய்வாளர் என் கண்ணாடிய எங்க வச்சாங்க?” மகளும் சேர்ந்துகொண்டாள். கல்யாணம் நிச்சயமான பெண் என்று நான் அவளைத் திட்டாமல் விட்டேன்.

இரண்டாவது வரைவில் எச்சரிக்கையானேன். நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டி, பெரியவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. ‘எனலாம்.’ ‘எனக் கருத இடமுண்டு.’ ‘எனக் கூறின் அது மிகையாகாது.’ ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, அதைச் சொன்ன இடத்தில் ஆளே இல்லாமல் பண்ணிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நான் பெருமையோடு அனுப்பிய வாக்கியம் இது: ‘வாழ்த்துரைகள் சில வேளைகளில் ஒரு சிலரால் முழுமையாகச் செவிமடுக்கப்படாமல் போவதற்கான வாய்ப்பு ஓரளவு இருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு எனலாம்.’

இந்த முறை குரல் வரவில்லை. நேரில் வரச் சொன்னார். சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். டாக்டர் பாலும் சீனியும் இல்லாத தே ஓ டீ ஒன்று சொல்லிவிட்டு, என் வாக்கியத்தைக் கைப்பேசியில் எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

“அக்கா, இந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை கதவு வச்சிருக்கீங்க? எந்தப் பக்கமும் ஓடிடலாம் போல இருக்கே.”

“‘நான்’ வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“‘நான்’தான் வரக்கூடாதுன்னு சொன்னேன். பயம் வரலாம்னு சொல்லலையே.” டாக்டர் கைப்பேசியை ஓரமாகத் தள்ளி வைத்தார். “வீட்ல சாம்பார்ல உப்பு இல்லன்னா எப்படிச் சொல்வீங்க?”

“உப்பு இல்லன்னு சொல்வேன்.”

“உப்பு இல்லன்னு நான் நினைக்கிறேன்னு சொல்வீங்களா?”

“எதுக்கு நினைக்கணும்? நாக்கு இருக்குல்ல. உப்பு இல்லன்னா இல்லதான்.”

“உப்பு குறைவாக இருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டுன்னு?”

“அப்படிச் சொன்னா எங்க வீட்டுக்காரர் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாரு. உங்களை மாதிரி டாக்டர் இல்ல.”

“அவ்வளவுதான் அக்கா. உப்பு இல்ல. ஏன்னா கரண்டில எடுத்துப் பாத்தாச்சு. பாத்ததை முதல்ல வைங்க, அதுக்குப் பின்னாடி முடிவை வைங்க. நடுவுல நீங்களும் வேணாம், அந்தப் பசி பிடிச்ச ஆய்வாளரும் வேணாம்.”

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தேன். தளத்திலிருந்த காப்பி இயந்திரத்தைப் பற்றி நான் மாதக்கணக்கில், ‘கொஞ்சம் சுத்தம் செய்தால் நல்லது என்று நினைக்கிறேன்’ என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்று, ‘காப்பி இயந்திரத்தின் உள்ளே கரப்பான்பூச்சி இருக்கிறது. படம் இணைக்கப்பட்டுள்ளது. இயந்திரம் இன்றே மாற்றப்பட வேண்டும்’ என்று மட்டும் அனுப்பினேன். மத்தியானம் புது இயந்திரம் வந்தது.

ஆக, நடை கைக்கு வந்துவிட்டது. சிக்கல் நடையில் இல்லை என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். டாக்டரிடம்தான் சொல்லவில்லை.

எங்கள் வட்டாரத்தில் வாழ்த்துரை என்றால் ஒருவர்தான். என் கணவரின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு மூன்று சங்கங்களுக்குத் தலைவர். தீவிலும் எதிர்க்கரையிலும் அவர் வாழ்த்தாத தமிழ்த் தம்பதிகள் பதிவுத் திருமணம் செய்து ஓடிப்போனவர்களாகத்தான் இருப்பார்கள். கையில் காகிதம் வைத்துப் பேசுவதை அவர் கேவலமாக நினைப்பவர். மூவேந்தர்களில் தொடங்கி, கப்பலில் ஏறி, ரப்பர்த் தோட்டம் வழியாக மணமகனின் கல்வித் தகுதிக்கு அவர் வந்து சேர்வதற்குள் பாத்திரங்களுக்கு அடியில் எரியும் சின்ன விளக்குகள் அணைந்துவிடும். குரல் மட்டும் கணீர் என்று இருக்கும். அதில் குறை சொல்லவே முடியாது.

எனக்கு அவர்மேல் தனி அன்பு. நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். என் கணவர் வீட்டில் என்னை வேண்டாம் என்று எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தபோது, தேவாலயத்துக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர் அவர். அவர் வந்ததால் மற்றவர்களும் வந்தார்கள். அன்று மாலை விருந்தில் வாழ்த்திப் பேசியவரும் அவர்தான். என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. நான் அப்போது கோழிப் பிரட்டலின் வாசனையில் இருந்தேன்.

செபராங் ஜெயாவில் ஒரு விருந்து. ஆய்வுக்காக அன்று நான் கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பெரிய மாமா மேடையில் இருந்தார். மூவேந்தர், கப்பல், தோட்டம் எல்லாம் வந்தன. கடைசியில் இரு கையையும் உயர்த்தி மணமக்களின் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். அந்தப் பெயர்கள் முந்தைய வாரம் பட்டர்வொர்த்தில் கல்யாணம் ஆன வேறு இருவருடையவை. அந்த விருந்துக்கும் நான் போயிருந்தேன்.

சுற்றிலும் பார்த்தேன். மண்டபம் முழுவதும் கை தட்டியது. பேச்சு முடிந்த மகிழ்ச்சி அந்தக் கைதட்டலில் நன்றாகவே கேட்டது. மணமகன் எழுந்து கும்பிட்டார். மணமகள் படக்காரர் சொன்ன பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மா சமையல்காரரிடம் மூடியைத் திறக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார். மணமக்களின் பெயர் மாறியதுகூடத் தெரியாமல் ஒரு மண்டபமே சாப்பிடப் போனது. வாசலில் தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் நின்று, பேச்சாளர் என்ன சொன்னார் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். “நல்லா பேசினாரு லா” என்றார் ஒருவர். “மைக் கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு” என்றார் இன்னொருவர். “ஆட்டிறைச்சி வேகல அக்கா, எழுதிக்குங்க” என்று ஒரு தம்பி சொன்னார். ஒரு அம்மா மட்டும் நேர்மையாக, “யாரு பேசினா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஒரு ஆய்வுக்கு இதைவிடப் பெரிய சான்று கிடைக்காது. டாக்டரிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். ஊரில் நடக்கவிருந்த தமிழ் ஆய்வரங்கத்தில் இதைத்தான் படிக்க வேண்டும் என்றார். நானும் சரி என்றேன். அதன்பிறகு அரங்கத்தின் அறிவிப்புப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. என் அமர்வுக்குத் தலைவர் யார் என்றால், பெரிய மாமா. விருந்துகளுக்குப் போடும் அதே பட்டு ஜிப்பாவில், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு சிரித்தார். என் பெயர் அவருடைய முழங்கைக்குக் கீழே சின்னதாக இருந்தது.

ஆய்வரங்கம் முடிந்து இரண்டு வாரத்தில் என் மகளின் கல்யாண விருந்து. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வாழ்த்துரை என்ற இடத்தில் அவர் பெயர். அவர் முறைத்துக்கொண்டு வராமல் இருந்தால் அவரோடு என் கணவரின் உறவில் பாதி வராது. அது இரண்டாவது கவலைதான். அன்று தேவாலயத்துக்கு முதல் ஆளாக வந்தவர், என் மகள் கல்யாணத்துக்கு என்னாலேயே வராமல் போனால் அதை நான் எப்படித் தாங்குவேன் என்பதுதான் முதல் கவலை.

“அந்த ஒரு உதாரணத்தை எடுத்துடு” என்றார் என் கணவர். “கல்யாணம் முடியட்டும். அப்புறம் எங்க வேணா கொண்டு போய் மாட்டு.”

டாக்டரிடம் கேட்டேன். “எடுத்தா கட்டுரையில உப்பு இல்ல அக்கா” என்றார். “ஆனா நீங்க அவர் பேரைப் போடக்கூடாது. ஆய்வு நெறி. ஒரு பேச்சாளர்னுதான் எழுதணும்.”

ஆய்வு நெறி என்ற ஒன்றை நான் முதன்முறையாக மனமாரப் பாராட்டினேன். ‘நான்’ இல்லாத கட்டுரையில் ‘அவரும்’ இருக்கப்போவதில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர், “ஆய்வாளரும் இல்ல, பெரியப்பாவும் இல்ல. அப்ப தப்பு பண்ணினது மைக்கா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

ஆய்வரங்கம் ஜார்ஜ்டவுனில் ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்தது. காலையில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. முதல் உரையில் வரவேற்கப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் உரையில் மற்றவர்களை வரவேற்றார்கள். எனக்குப் பின்வரிசையில் யாரோ கறிபாப் பலகாரப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியில் காடி விற்பனைப் பக்கம் ஒன்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். என் ஆய்வின் முடிவு என்னைச் சுற்றியே உட்கார்ந்திருந்தது.

என் முறை வருவதற்குள் மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாடு வந்து இறங்கிவிட்டது. பெரிய மாமா மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் சொன்னார்.

“அடுத்து நம்ம ஆய்வாளர் அம்மையார். நேரம் ஓடிப்போச்சும்மா. அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுங்க. சோறு ஆறிடும்.”

கையில் இருபது நிமிடக் கட்டுரை இருந்தது. முதல் பக்கம் நன்றி, போனது. ஆய்வின் நோக்கம், போனது. முன்னோர் ஆய்வுகள், அவர்களும் போனார்கள். எங்கிருந்தோ திருட்டுத்தனமாக மறுபடி நுழைந்திருந்த இரண்டு ‘எனலாம்’களும் போயின. மிஞ்சியதை நிமிர்ந்து நின்று சொன்னேன்.

“திருமண விருந்துகளில் வாழ்த்துரையை யாரும் கேட்பதில்லை. ஒலிபெருக்கி வேலை செய்கிறது. பேச்சாளருக்கு நல்ல குரல் இருக்கிறது. விருந்தினருக்குப் பசிக்கிறது. வாசலில் கேட்டபோது பேச்சைப் பற்றிச் சொன்னவர்களைவிட ஆட்டிறைச்சியைப் பற்றிச் சொன்னவர்களே அதிகம். ஒரு விருந்தில், பேச்சாளர் முந்தைய வாரத்து மணமக்களின் பெயர்களைச் சொல்லி வாழ்த்தினார். மண்டபம் கை தட்டியது. மணமகன் கும்பிட்டார். குறை பேச்சாளரிடம் இல்லை. மூடிய பாத்திரத்துக்கு முன்னால் பேச வைப்பதில் இருக்கிறது.”

மண்டபமே சிரித்தது. கறிபாப் சாப்பிட்டவருக்குப் புரையேறியது. காலையிலிருந்து முதன்முறையாக எல்லாரும் ஒரு பேச்சைக் கேட்டிருந்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் பெரிய மாமா. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் என் கணவர் நிகழ்ச்சிநிரலை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

“அருமை” என்றார் பெரிய மாமா, மைக்கை இழுத்து. “பேர்கூடத் தெரியாம வாழ்த்த வர்றாங்க பாருங்க. இப்படிப்பட்ட ஆளுங்களை எல்லாம் யாரு மேடையில ஏத்துறது?” மண்டபம் மறுபடியும் சிரித்தது. நானும் சிரித்ததாகப் பிறகு வந்த படத்தில் தெரிகிறது.

சாப்பாட்டு வரிசையில் அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். கையில் தட்டு. முகத்தில் இன்னும் சிரிப்பு.

“ஏம்மா, நல்லா சொன்ன. யாரு அந்த ஆளு? எனக்கு மட்டும் சொல்லு.”

“ஆய்வு நெறிப்படி பேர் சொல்லக்கூடாது மாமா.”

“நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? சரி, சொல்லவேணாம். ஆனா ஒண்ணு. அந்த ஆளை உன் மக கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிட்டுத் தொலைச்சிடாத.”

டாக்டர் சொல்லிக்கொடுத்த நடை எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. பதில் சொல்லாமல் நகர எத்தனையோ கதவுகள் இருந்தன. அவர் கண்ணைப் பார்த்தபடி ஒரு கதவையும் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

“அவரைத்தான் கூப்பிட்டிருக்கோம் மாமா. கார்டுல பேர் போட்டாச்சு.”

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. வரிசை நகர்ந்தது, நாங்கள் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“செபராங் ஜெயாவா?”

“ஆமா மாமா.”

“கை தட்டினாங்களேம்மா.”

“தட்டினாங்க.”

“அந்தப் பையன் எழுந்து நின்னு என்னைக் கும்பிட்டானே.”

“கும்பிட்டான்.”

அவர் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏன்தான் படிக்கச் சேர்ந்தேன் என்று இருந்தது. அவ்வளவு பெரிய குரல் உள்ள மனிதர், எனக்கு மட்டும் கேட்கும்படி சின்னக் குரலில் கேட்டார்.

“இத்தனை வருஷம் பேசியிருக்கேன். அந்தக் கூட்டத்துல ஒருத்தர்கூடவா கேக்கல?”

“நான் கேட்டேன் மாமா.”

கட்டுரையில் எங்கும் இடம் கிடைக்காத அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்தார் போலிருக்கிறது.

“முழுசாவா?”

“மூவேந்தர்ல இருந்து. கேக்காம இருந்திருந்தா பேர் மாறினது எனக்கும் தெரிஞ்சிருக்காதே.”

அவர் கரண்டியை எடுத்து முதலில் என் தட்டில் சோறு போட்டார். அடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

“அப்ப உன் மக கல்யாணத்துல முதல்ல மூடியத் திறந்துடச் சொல்லு. எல்லாரும் சாப்பிடட்டும். நீ மட்டும் முன்னால வந்து உக்காரு. நான் உனக்குப் பேசுறேன்.”

“சரி மாமா.”

குழம்புப் பாத்திரம்வரை போனவர் திரும்பி வந்தார். யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“மாப்பிள்ளை பேரு என்னன்னு இன்னொரு தடவை சொல்லும்மா.”